சாயங்கால உயரம்

பிள்ளையார்பாளையத்தில் உதயகுமார் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். 'ஏன் குமார்' வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்து வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். பட்டுத் தறியில் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன மனுஷன். கை நூல் சுற்றிய நாடாவை ஓட்டும், கால் மிதியை மிதிக்கும், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒருத்தன் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பவனுக்கும் ஏன் வருகிறது? தறிக்குழியில் தொங்கும் கால் மரத்துப்போனால் உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி ஏன் இருக்கிறது? பக்கத்தில் இருப்பவன் இடுப்பில் விரல் வைத்தால் துள்ளிக் குதிக்கிறோம், நம் விரலை நாமே வைத்தால் ஏன் ஒன்றுமே ஆவதில்லை? வெங்காயத்தை நறுக்குவது கை, அழுவது கண், இது என்ன நியாயம்?

மற்றவர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது நோவு வந்தால்தான் ஞாபகம் வரும். உதயகுமாருக்கோ அது நேற்றுத்தான் வாங்கி வந்த புதுச் சாமான். திருப்புட்குழியில் ஒரு கல்யாணப் பந்தியில், விக்கல் எடுத்துத் திணறிய மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் தண்ணீர் டம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார், இது வயித்துலேர்ந்து வருதா, நெஞ்சுலேர்ந்து வருதா?" என்று விசாரித்தவன் இவன். சங்கரி டம்ளரைப் பிடுங்கிக் கொடுத்திராவிட்டால் அன்றைக்குச் சம்பந்தம் முறிந்திருக்கும்.

சங்கரி அவன் மனைவி. கேள்விகளில் முக்கால்வாசி அவள் தலையில்தான் விடியும். கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருத்தர் உட்கார்ந்தாக வேண்டும். அந்த இன்னொருத்தர் சங்கரி. எழுந்து ஓடவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் கை காலியாக இருக்காது. "உங்க வாய்க்கு ஒரு மிதிகட்டை இருந்தா நான் கால வச்சி அமுக்கிக்கினே இருப்பேன்" என்பாள். ஆனால் அவன் ஒரு நாள் பேசாமல் நெய்தால், ஜுரம் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவளும் அவள்தான்.

இத்தனை கேள்விகளில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் வாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். தெருக்கோடி முருகன் கோயிலில் கந்தசஷ்டி முடிந்த மறுநாள் மாலை சாமி மயில் வாகனத்தில் புறப்படும். வாகனத்தை இரண்டு நீளத் தண்டுகளில் கட்டித் தோளில் சுமப்பார்கள். சுமந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொல்வார்கள். "தோள்ல ஏர்ற வரைக்கும்தான்பா கனம். ஏறிட்டா ஒண்ணுமே தெரியாது." அது எப்படித் தெரியாமல் போகும்? அத்தனை கனமும் எங்கே போகிறது? எலும்புக்கா, சதைக்கா, மனசுக்கா? இதை வேறொருவன் சொல்லிக் கேட்டு என்ன ஆகப்போகிறது, தன் தோளே அல்லவா சொல்ல வேண்டும். ஆனால் உதயகுமார் கொஞ்சம் குள்ளம். ஒவ்வொரு வருஷமும் கலியாணசுந்தரம் மாமா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ குடை புடிப்பா" என்று சொல்லிவிடுவார். அவனும் சிரித்துக்கொண்டே குடையைத் தூக்குவான். வீட்டுக்கு வந்தபின் சிரிக்க மாட்டான்.

கலியாணசுந்தரம் மாமாதான் தண்டுக்காரர்களுக்குத் தலைவர். அவர் போட்ட கட்டுப்பாடு ரொம்பக் கண்டிப்பானது. முன்தண்டில் இடதும் வலதும் நிற்கிற இருவர் தோள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் மயில் சாயும், மாலை நழுவும், பார்க்கிறவர்கள் நெஞ்சு பதறும். தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் துண்டை மடித்து வைக்கிற வேலையும் ஆகாது, வெறும் தோள்தான். அளவு பார்க்க டேப் கிடையாது. தறியில் உட்காருகிற பலகை ஒன்றை இரண்டு பேர் தோளிலும் குறுக்காக வைப்பார். நடுவில் ஒரு எலுமிச்சம்பழம். பழம் நின்றால் ஜோடி. உருண்டால் ஜோடி இல்லை.

இந்த வருஷம் இடது முன்தண்டு காலியானது. அங்கே நின்றவர் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். வலது பக்கத்தில் நிற்பது வீரபத்திரன். உதயகுமாரோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வேலை, காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கித் தூக்கம். தன்னைவிடக் கொஞ்சம் உயரம்தான், ஆனாலும் பார்த்துவிடுவோமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பஸ்ஸைவிட்டு இறங்கிய கையோடு உதயகுமார் அவனைக் கோயிலுக்கு இழுத்துப் போனான். அப்போதுதான் பாயைவிட்டு எழுந்திருந்த உதயகுமார் பல்கூடத் தேய்க்கவில்லை. கலியாணசுந்தரம் மாமா பலகையை வைத்தார், பழத்தை வைத்தார். பழம் நின்றது. லேசாகத் தட்டிப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் நின்றது.

"ஏம்பா, நீ எப்ப வளந்த?" என்றார் மாமா.

உதயகுமார் வீட்டுக்கு நடந்து வந்ததாகச் சொன்னால் அது பொய். சங்கரி கேசரி கிண்டினாள். செவிலிமேட்டில் இருக்கிற நாத்தனாருக்குப் போன் போட்டு, "உங்க அண்ணன் முன்தண்டு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சஷ்டிக்குக் காப்புக் கட்டினார்கள். தண்டுக்காரர்களுக்குக் காப்புக் கட்டிய நாள் முதல் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, பகலில் தூங்கக் கூடாது. வீரபத்திரனுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கே ஒரு வருஷம் பெரிய பஞ்சாயத்து நடந்து, "ராத்திரி பூரா முழிச்சவனுக்குப் பகல்தாம்பா ராத்திரி" என்று மாமா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

வெறும் வாகனத்தைத் தூக்கிப் பழகுகிற வெள்ளோட்டம் மாலையில் நடந்தது. தூக்குவதற்கு முன்னால் சம்பிரதாயத்துக்கு இன்னொரு முறை பலகை வைத்தார் மாமா. எலுமிச்சம்பழம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உதயகுமார் பக்கமாக உருண்டு, அவன் மார்பில் பட்டு, கீழே விழுந்து ஓடியது. திரும்ப வைத்தார்கள். திரும்ப உருண்டது.

"அன்னிக்கு எம்பி நின்னியாப்பா?" என்றார் மாமா. கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். அதுதான் உதயகுமாருக்குச் சுருக்கென்றது.

"சாமி சத்தியமா இல்ல மாமா. குதிகால் தரையிலதான் இருந்துது."

"அப்ப இன்னிக்கு ஏன் கூனிக்கினு நிக்கிற?"

"கூனல மாமா. நேராதான் நிக்கிறேன்."

மாமா தாடையைத் தடவினார். "காப்பு கட்டியாச்சு, இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொறப்பாடு அன்னிக்கு சாயங்காலம் திரும்ப வைப்பேன். நின்னா நீ. உருண்டா இளவரசன் ஏறுவான், நீ குடை புடிச்சிக்கோ." இளவரசன் ஜிம்முக்குப் போகிற பையன். அவன் தோளைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றான்.

அன்றைக்கு உதயகுமார் சாப்பிடவில்லை. எம்பி நின்றான் என்று நாலு பேர் நினைத்தால் அப்புறம் குடையைக்கூட எந்த முகத்தோடு பிடிப்பது? ஆனால் கவலைக்குள்ளேயும் அந்தப் பாழாய்ப்போன புத்தி சும்மா இருக்கவில்லை. படுக்கப் போகுமுன் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, சங்கரியைக் கரித்துண்டால் தலைக்கு நேராக ஒரு கோடு போடச் சொன்னான். விடிந்ததும் பாயைவிட்டு எழுந்து நேராக அங்கேயே போய் நின்றான். சங்கரி கோடு போட்டுவிட்டு வாயைப் பிளந்தாள். புதுக்கோடு பழைய கோட்டுக்கு மேலே இருந்தது. மாலையில் தறியைவிட்டு இறங்கியதும் நின்று பார்த்தான், கோடு கீழே வந்துவிட்டது.

"சங்கரி, நான் தேய்றேன்" என்றான் குரல் நடுங்க.

"தேய்றதுக்கு நீங்க இன்னா சோப்பா? காலைல வளருதில்ல? பேசாம துர்காதேவியப் போய்க் கேளுங்க."

துர்காதேவி செவிலிமேட்டில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிற பெண். நெசவாளர் இடுப்பு, முட்டி, கழுத்து எல்லாம் அவள் கைக்கு அத்துப்படி. உதயகுமார் போன வருஷம் இடுப்புவலிக்குப் போய், வலி ஒரு வாரத்தில் சரியான பிறகும் கேள்வி கேட்பதற்காகவே மூன்று வாரம் போனவன். அவனைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள். அவன் கரிக்கோட்டுக் கதையைச் சொல்லி முடித்ததும் இன்னும் சிரித்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. முதுகெலும்பு ஒரே கம்பி கிடையாது, துண்டு துண்டா அடுக்கி வச்சிருக்குது. ரெண்டு துண்டுக்கு நடுவுல சின்ன மெத்தை மாதிரி ஒண்ணு, ஈரமா. நின்னாலும் உக்காந்தாலும் நம்ம கனமே அதை அமுக்கும், ஈரம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயி மெத்தை அமுங்கிடும். படுத்தா திரும்ப உறிஞ்சிக்கும். காலைல எல்லாரும் ஒரு விரல் அகலம் கூடுதல் ஒசரம்தான். சாயங்காலம் எல்லாரும் குள்ளம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"கலெக்டர்கூடவா?"

"கலெக்டரும்தான்."

உதயகுமாருக்குப் பறக்கலாம் போல் இருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊர் முழுக்கக் காலையில் ஒரு உயரமும் மாலையில் ஒரு உயரமுமாக நடமாடியிருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை! பஸ்ஸில் திரும்பி வரும்போது நிற்கிறவர்களை எல்லாம் ஆசையோடு பார்த்தான். ஒரு அம்மாள் முறைத்த பிறகுதான் நிறுத்தினான். பாதி வழியில் இன்னொன்று புரிந்தது. அளந்த அன்றைக்கு அவன் தூங்கி எழுந்து முழு உயரத்தில் நின்றான், வீரபத்திரன் ராத்திரியெல்லாம் கம்பெனியில் நின்று அமுங்கிப்போய் வந்தான். வெள்ளோட்டத்தன்று எல்லாம் தலைகீழ். இவன் நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து அமுங்கினான், வீரபத்திரன் நாள் முழுக்கத் தூங்கி நிமிர்ந்து வந்தான். எம்பியதும் இல்லை, கூனியதும் இல்லை. இரண்டு முதுகும் இரண்டு ஷிப்டில் வேலை செய்கின்றன, அவ்வளவுதான்.

கலியாணசுந்தரம் மாமாவிடம் ஓடிப்போய் மெத்தை, ஈரம் எல்லாம் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீ பொய் சொல்லலன்னு இப்ப நம்பறேன்பா. ஆனா சாமி பொறப்பாடு சாயங்காலம். அப்ப சாயங்கால ஒசரம்தான் கணக்கு." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவரிடம் சண்டை போடவும் வழியில்லை.

டீக்கடையில் வீரபத்திரனிடமும் சொன்னான். அவன் டீயை ஆற்றியபடி, "முதுகுக்குள்ள இம்மாம் விஷயம் இருக்குதா!" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். 'அன்னிக்கு ஒரு நாள் தூங்காம வாடா' என்று கேட்க உதயகுமாருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ராத்திரி முழுக்க நின்று கால் வீங்கி வருகிற சிநேகிதனிடம் அதை எப்படிக் கேட்பது? விழுங்கிவிட்டான். அவன் கையில் இருந்தது ஒன்றுதான். புறப்பாட்டு நாளில் தான் படுத்துக்கிடப்பது. அதுவும் முழுசாகப் போதாது, காலை உயரம் முழுக்கத் திரும்பாது என்று துர்காதேவி சொல்லியிருந்தாள். ஏதோ பாதியாவது கிடைக்கட்டும் என்று முடிவு கட்டினான்.

படுக்கலாம், ஆனால் தூங்கக் கூடாது. விரதமாயிற்றே. புறப்பாட்டன்று தறிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தான். சங்கரி பக்கத்தில் உட்கார்ந்து பட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே காவல் இருந்தாள். வெயில் நாளில்கூடப் பகலில் படுத்தறியாத உடம்புக்கு, விரத வயிறும் சேர்ந்துகொண்டது. கண் சொருகியது.

"எங்க, கேள்வி கேளுங்க" என்று தொடையைத் தட்டினாள்.

"சங்கரி... பசிச்சா வயிறு ஏன் சத்தம் போடுது?"

"சோறு போடலன்னு அக்கம்பக்கத்துக்குச் சொல்லுது. அடுத்தது?"

"தூக்கத்துல விழற மாதிரி இருந்தா ஏன் கால் உதறிக்குது?"

"அதைத் தூக்கத்துல கேளுங்க, இப்ப முழிச்சிக்கினு கேக்கறதா கேளுங்க."

"சிரிச்சா ஏன் தண்ணி வருது கண்ணுல?"

அவள் சிக்கெடுப்பதை நிறுத்தினாள். இருபது வருஷமாக எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டே கேட்ட கேள்விகளை, இன்றைக்கு இவளே கேள் கேள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அவனும் சிரித்தான். சிரித்தால் முதுகு அமுங்குமோ என்று பயந்து பாதியில் நிறுத்தினான், அதற்கும் அவள் சிரித்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். "வளந்துக்கினு இருக்கறாரு" என்றாள் சங்கரி.

மாலையில் குளித்து, திருநீறு பூசி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கோயிலுக்கு நடந்தான். குனியவில்லை, உட்காரவில்லை. தலையில் நிறைகுடம் வைத்த மாதிரி நடந்த அவனைப் பார்த்துத் தெரு சிரித்தது. கோயில் வாசலில் மயில் வாகனம் பூ அலங்காரத்தோடு தயாராக நின்றது. இளவரசன் சட்டையைக் கழற்றிக் காத்திருந்தான். வீரபத்திரன் வந்து வலது பக்கம் நின்றான், கண் சிவந்திருந்தது. தூக்கத்திலிருந்து நேராக எழுந்து வருகிறான் போல என்று நினைத்தான் உதயகுமார். அப்படியானால் நன்றாக நீண்டு வந்திருப்பான்.

மாமா பலகையை வைத்தார். பழத்தை நடுவில் வைத்துக் கையை எடுத்தார்.

பழம் லேசாக ஆடியது. உதயகுமார் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தான். பழம் வைத்த இடத்தில் இருந்தது. மாமா விரலால் தட்டினார். ஆடி, அங்கேயே நின்றது. மூன்றாவது தடவையும் தட்டிவிட்டு, பழத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"ஏறுப்பா" என்றார்.

கூட்டத்தில் சங்கரி போட்ட கூச்சலைத் தனியாகக் கேட்க முடிந்தது. "வேல் வேல்" என்று குரல் எழும்ப, தண்டு தோளில் ஏறியது.

கனம் தெரியாது என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள்! எலும்பு முறிகிற மாதிரி கனம். தோள்பட்டையில் தொடங்கி, முதுகில் இருக்கிற ஒவ்வொரு மெத்தையையும் அமுக்கிக்கொண்டு, இடுப்பு வழியாகக் குதிகாலுக்கு இறங்கியது. அப்பாடா, என்ன கனம்! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் யாரோ, "எப்படிப்பா இருக்குது?" என்று கேட்க, அவன் வாய் தானாக, "ஏறினதும் ஒண்ணுமே தெரியல" என்றது. தண்டுக்காரர்கள் எல்லாரும் மெல்லச் சிரித்தார்கள்.

தெருவில் ஆரத்தி எடுக்கிற வீடுகளில் தண்டுக்கு முட்டுக்கட்டை கொடுக்க மாட்டார்கள், தோளிலேயே வைத்தபடி நிற்க வேண்டும். முதல் வீட்டில் நின்றபோது வீரபத்திரன் ஒரு கொட்டாவி விட்டான். அது உதயகுமாருக்கு ஒட்டி, பின்னால் வரிசையாக எல்லாருக்கும் ஒட்டியது. இரண்டாவது வீட்டில் மறுபடியும் விட்டான். மூன்றாவது வீட்டில் நின்ற இடத்திலேயே அவன் கண் மூடியது.

"டேய், பகல் பூரா தூங்கினவன் ஏன்டா இப்படி விடற?" என்று கேட்டான் உதயகுமார்.

"யாருடா தூங்கினா?"

"பின்ன?"

வீரபத்திரன் முன்னால் பார்த்தபடியே சொன்னான். "காலைல பஸ்ல இருந்து எறங்கி நேரா கோயிலுக்கு வந்துட்டேன். அன்னதானத்துக்கு சாம்பார் வாளியத் தூக்கிக்கினு நின்னேன். பாத்திரம் எடுத்துக் குடுத்தேன். பந்தல்ல தோரணம் கட்டினேன். படுக்கல, உக்காரக்கூட இல்ல. உக்காந்தா எங்க வளந்துடப் போறேனோன்னு பயம்."

உதயகுமாருக்கு அப்போதுதான் புரிந்தது. தான் படுத்துக்கிடந்து வளர்ந்தது பாதிதான். மீதிப் பாதிக்கு வீரபத்திரன் குறைந்து வந்திருக்கிறான். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல், சொல்லாமல், ராத்திரியும் பகலும் நின்றே தேய்ந்து வந்திருக்கிறான். அவனை எட்டித் தொடலாம் என்றால் இரண்டு கையும் தண்டைப் பிடித்திருக்கின்றன. கண்ணிலிருந்து வழிந்தது திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்க, தோள் விம்மியது. மேலே மயிலின் கழுத்து மணிகள் கிணுகிணுத்தன.

"அழுவாதடா மச்சான்" என்றான் வீரபத்திரன். "நீ குலுங்கினா சாமி குலுங்குது."